ஓடையை அசிங்கமாக்கியவள்

மரக்காணம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த களப்பணியாளர்கள் போன மாதம் எனக்கு ஒரு மடல் அனுப்பியிருந்தார்கள். இனிமேல் ஓடையை யாரும் நடந்து பார்க்கப் போவதில்லையாம். டிரோனைப் பறக்கவிட்டு, மேலிருந்தே சக்கரத் தடங்களைப் படம் எடுத்துவிடுவார்களாம். அதற்கு முன்னால், நடந்து பார்த்த ஆட்கள் தங்கள் முறையை எழுதிக் கொடுத்தால் செய்திமடலில் போடுகிறோம் என்று கேட்டிருந்தார்கள். என் பெயருக்குக் கீழே ‘ஓய்வு பெற்ற களப்பொறியாளர்’ என்று இருந்தது. எனக்கு முப்பத்தைந்து வயது. முழங்கால் ஜவ்வு இரண்டாம் முறை கிழிந்தபோது சேற்றில் நடக்கிற வேலையை விட்டேன். இப்போது திண்டிவனத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வரைபடம் போடுகிறேன். ‘ஓய்வு’ என்ற சொல்லைப் பார்த்து முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, தப்பாக ஒன்றும் போட்டுவிடவில்லை என்று தோன்றியது.

கேட்ட முறையை எழுதுகிறேன். ஆனால் மரக்காணம் ஓடையைப் பற்றி எழுதினால் பவித்ராவைப் பற்றியும் எழுத வேண்டும். எனக்கு அது இன்றும் அவ்வளவாகப் பிடிக்காத காரியம். அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

இருவரும் சிவில் படித்தவர்கள். அவள் புதுச்சேரி, நான் பெருமுக்கல். நீரோடைகளைக் காக்கிற ஒரு திட்டத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். முதலில் பயிற்சிக்கு வடக்கே அனுப்பினார்கள். வருடத்தில் பெரும்பகுதி வறண்டு கிடந்து மழைக்கு மட்டும் ஓடுகிற பாலைவன ஆறுகளில் ஜீப்பும் பைக்கும் ஏறி விளையாடுவதால் என்ன ஆகிறது, அதை எப்படித் தடுப்பது என்பதுதான் பாடம். நான் எல்லா வகுப்புக்கும் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பவித்ரா கேன்டீன்காரரிடம் பேசிப் பழகி அவர் பைக்கை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தாள். கடைசித் தேர்வில் இருவருக்கும் ஒரே மதிப்பெண். என் பொறாமை அங்கிருந்து தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்கே சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது ஒன்றுதான். ஒரு தடத்தைப் பார்த்துத்தான் அடுத்த வண்டி இறங்கும். ஆகவே சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரைக்கும் தடத்தை அழித்துவிட்டால், அங்கே வண்டி போக வழி இருக்கிறது என்பதே யாருக்கும் தோன்றாது. பாலைவனத்தில் இது நன்றாக வேலை செய்கிறது. படங்களோடு காட்டினார்கள்.

எங்களுக்குக் கொடுத்த ஓடை, உள்ளூர் ஏரிகளின் உபரி நீரை உப்பளங்களுக்கு நடுவே கொண்டுபோய் உப்பங்கழியில் விடுவது. மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் போகும். மாசி பிறந்தால் காய்ந்துவிடும். காய்ந்த தரைமேல் உப்புப் பூத்து, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பார்த்தால் வெள்ளை வேட்டியை விரித்துப்போட்டது மாதிரி இருக்கும். அந்த வெள்ளை ஒரு விரற்கடை கனம்தான். அதற்குக் கீழே களி, வெயில் எவ்வளவு அடித்தாலும் ஈரமாகவே இருக்கும். சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிற பைக்குகளும் ஜீப்புகளும் அந்த வெள்ளையை உடைத்துக்கொண்டு போகும்.

தடங்களை நாங்கள் மூன்றாகப் பிரித்தோம். மேலோடு உடையாமல் அழுந்தியிருந்தால் அதைத் தொடக் கூடாது, காற்றும் பனியும் பார்த்துக்கொள்ளும். மேலோடு உடைந்து களி தெரிந்தால் மூடலாம். பள்ளத்தில் நீர் கசிந்து நின்றால் அதுதான் ஆபத்து. அடுத்த மழைக்கு அந்தப் பள்ளம் தனி வாய்க்கால் ஆகிவிடும். ஓடை போக வேண்டிய தண்ணீரைக் கரைப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் உப்புப் பாத்தியில் விடும். எது எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். டிரோனுக்குக் கட்டைவிரல் இல்லை. இதைப் புதிய பிள்ளைகள் குறித்துக்கொள்ளவும்.

மூடும்போது அதே களியைப் பள்ளத்தில் போட்டு, காலால் மிதித்து, பிறகு உப்பு வாருகிற நீளக் காம்புப் பலகையால் இழுக்க வேண்டும். ஓடையின் போக்கில் இழுக்கக் கூடாது. பலகையின் கோடுகளே வாய்க்காலாகிவிடும். நடுவிலிருந்து கரையை நோக்கிக் குறுக்காக இழுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் ஆட்களோடு நான் இதைச் செய்தேன். என் அளவுக்கு நேர்த்தியாக அந்தக் கடற்கரையில் யாரும் தரை இழுத்ததில்லை. பவித்ரா இழுத்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். அவள் இழுத்த இடத்தை நான் மறுபடி இழுப்பேன்.

எங்கள் திட்ட அதிகாரி சுகுமார் சார். திண்டிவனம் சாலையில் ஒரு உரக்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். சார் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. என்ன சொன்னாலும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “ம். அப்புறம்?” என்பார். அந்த ‘அப்புறம்?’ வந்தால், சொன்னது போதவில்லை என்று அர்த்தம். அவரிடம் ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. சனிக்கிழமைக் கூட்டத்தில் யாரும் தன் வேலையைத் தானே சொல்லக் கூடாது. கூட வேலை செய்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

“தன் வேலைய தானே சொன்னா மனுஷனுக்கு குரல் மாறிடும்மா. எனக்கு அந்தக் குரல் பிடிக்காது” என்பார்.

ஆகவே வாராவாரம் பவித்ராவின் வேலையை நானும், என் வேலையை அவளும் சொன்னோம். நான் அவள் செய்ததை இடம், காரணம், பலன் என்று வரிசைப்படுத்திச் சொல்வேன். அவள் என்னைப் பற்றிச் சொல்வது இப்படி இருக்கும்: “கௌசி இந்த வாரமும் தரைய இழுத்தா சார். முகம் பாக்கலாம், அவ்ளோ நைஸ்.” எல்லோரும் சிரிப்பார்கள். சாரும் சிரிப்பார். நான் ஒரு வாரம் வெயிலில் நின்றது அந்த ஒரு வரியில் முடிந்துபோகும்.

சித்திரையில் இரண்டு காரியங்கள் அடுத்தடுத்து நடந்தன. ஒன்று, தலைமை அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. கோடை முடிந்ததும் மரக்காணத்தில் ஒரே ஒரு களப்பொறியாளர்தான் இருப்பார். இன்னொருவருக்குத் தெற்கே, ராமநாதபுரம் பக்கம் இடம். எனக்கு அந்த ஓர் இடம் வேண்டியிருந்தது. பெருமுக்கலிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்வரலாம். அப்பா போன பிறகு அம்மா வீட்டில் தனியாக இருந்தாள், நிலத்தையும் அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பவித்ராவுக்கும் அது வேண்டியிருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது, கோடை மழை. ஒரே மழைதான், அதுவும் மேற்கே ஏரிகள் பக்கம் மட்டும், ஆனால் கனமழை. நான் நேர்த்தியாக மூடிய இடத்தை ஞாயிற்றுக்கிழமை மறுபடி கிழித்திருந்தார்கள். அந்தப் பள்ளத்தின் வழியாக வந்த செந்தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு, குத்தகைக்கு உப்பளம் எடுத்திருந்த ஏழுமலையின் பாத்திகளில் இறங்கியது. மறுநாள் வார வேண்டிய உப்பு கரைந்துபோனது. அவர் அலுவலகத்துக்கு வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

“ஏம்மா, நீங்க வாரத்துக்கு வாரம் தரைய தேச்சி வெக்கறீங்க. அவனுங்க வாரத்துக்கு வாரம் வந்து கிழிக்கறானுங்க. நடுவுல என் உப்பு போவுது. நீங்க யாருக்குதாம்மா வேல செய்றீங்க?”

“உங்களுக்காகத்தாங்க” என்றேன்.

“நல்லா செய்றீங்க. இன்னும் கொஞ்சம் செஞ்சீங்கன்னா நான் ஊரக் காலி பண்ணிட்டு போயிடுவேன்.”

மே மாத விடுமுறையில் கூட்டம் இன்னும் அதிகமாக வரும். அதற்குள் வண்டிகள் இறங்காதபடி ஓடையை மூட வேண்டும் என்றார் சார். யார் மூடுகிறாரோ அவருக்குத்தான் அந்த இடம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது: இழுக்க வேண்டிய பரப்பை மறுபடி அளந்தேன், இரண்டு ஆட்கள் கூடுதலாகக் கேட்டுக் கணக்குப் போட்டேன். பவித்ரா செய்தது: சாலையோரப் பஜ்ஜிக் கடையில் உட்கார்ந்து பைக் ஓட்ட வந்தவர்களோடு பஜ்ஜி சாப்பிட்டாள். மதியம் ஓடைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“கௌசி, கோவிச்சுக்காத. இந்த வீடியோவப் பாரு.”

அவள் போனில் ஒரு பையன் பைக்கை நிறுத்தி, எதிரே விரிந்து கிடக்கும் வெள்ளைத் தரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். “மச்சான், இன்னிக்கும் மொதோ தடம் நம்மதுதான். பாரு, ஒரு கோடு இல்ல. வெள்ளிக்கிழமையானா எவனோ வந்து தொடச்சி வெச்சிட்டு போறான். எவனா இருந்தாலும் அவன் நல்லா இருக்கணும்டா!” பிறகு பைக் சீறிக்கொண்டு போனது. பின்னால் வெள்ளை இரண்டாகப் பிளந்தது.

“இது போட்டிடீ” என்றாள் பவித்ரா. “மொதல்ல யாரு கோடு போடறதுன்னு. தடம் இருந்தா இவனுங்க இறங்கவே மாட்டானுங்க. அதுல கெத்து இல்லியாம். நீ இழுத்து வெக்கறதாலதான் வர்றானுங்க.”

நான் வீடியோவை இரண்டாவது தடவை போட்டுப் பார்த்தேன். என் தரை அதில் அழகாகத்தான் இருந்தது. பாலைவனத்தில் தடத்தை அழித்தால் பழைய மணலும் கல்லும்தான் இருக்கும். இங்கே களியை இழுத்து விட்டால் ஈரம் மேலே ஏறி, இரண்டே நாளில் முன்னைவிட வெள்ளையாக உப்புப் பூத்துவிடுகிறது. பயிற்சியில் யாரும் இதைச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. என் ஆத்திரமெல்லாம் நான் செய்த முறை தப்பாகிவிட்டதே என்பதல்ல; அவள் அதை பஜ்ஜி தின்றுகொண்டே கண்டுபிடித்துவிட்டாளே என்பதுதான்.

அந்த வாரச் சனிக்கிழமை, சாரின் சட்டப்படி, அவள் கண்டுபிடித்ததை நான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். பவித்ரா யாரிடம் பேசினாள், என்ன தெரிந்துகொண்டாள், அதன்படி வண்டிகள் வருவதற்குக் காரணம் வெள்ளிக்கிழமை நடக்கிற வேலை, அந்த வேலையைச் செய்தது நான். ஒரு புள்ளி விடாமல் சொன்னேன். சார் கண்ணைத் திறந்தார்.

“ம். அப்புறம்?”

இழுப்பதை நிறுத்தினால் பள்ளங்கள் மழைக்கு வாய்க்காலாகிவிடும், இழுத்தால் வண்டி வரும். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் வழி கிடைத்தது. சாலையோரம் ஒரு சவுக்குத் தோப்பை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டைகளை லாரியில் ஏற்றிவிட்டு, சுள்ளியும் நுனியுமாக மிலாறைக் குவித்துப் போட்டிருந்தார்கள். பார்க்கவே அலங்கோலமாக இருந்தது. வெள்ளைத் தரைதான் அவர்களை இழுக்கிறதென்றால் அதை வெள்ளையாக இல்லாமல் செய்துவிட வேண்டியதுதானே? அழகைக் கெடுக்க வேண்டும். இறங்கிய உடனே பவித்ராவுக்குப் போன் செய்தேன். கூட்டத்தில் என் யோசனையை அவள்தான் சொல்ல வேண்டும் என்பதால், விளக்கமாகச் சொன்னேன். மிலாறைக் கைப்பிடியளவு கட்டாகக் கட்டி, முழங்கை ஆழம் களியில் செங்குத்தாக நட வேண்டும். வரிசையாக நட்டால் அதற்கு நடுவே பைக் விட்டு விளையாடுவார்கள். ஆகவே கலைத்து நட வேண்டும். சாலையோரம் அடர்த்தியாக, ஓடை திரும்புகிற வளைவை நோக்கிப் போகப் போகக் குறைவாக. இடையிடையே உப்புப் பாத்திகளைச் சுத்தம் செய்யும்போது வாரிப் போடுகிற கறுப்புச் சேற்றுக் கட்டிகள். மழை வந்தால் மிலாறு வளைந்து கொடுக்கும், தண்ணீர் போகும், வண்டல் மட்டும் தங்கிப் பள்ளங்களைத் தூர்க்கும்.

“சூப்பர்டி” என்றாள். “எனக்குத் தோணவே இல்ல பாரேன்.”

அடுத்த கூட்டத்தில் அவள் எழுந்து நின்று, கையாலேயே மிலாறு நட்டுக் காட்டினாள். தரையைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்கிற பைக்காரனாக நடித்தாள். சார் விழுந்து விழுந்து சிரித்தார். உப்பு போன வருத்தத்தில் வந்து உட்கார்ந்திருந்த ஏழுமலைகூடச் சிரித்துவிட்டார்.

“மிலாறு எதுக்குங்க? வேலிக்காத்தான் முள்ள வெட்டிப் போடுங்க. ஒரு டயர் தாங்காது” என்றார் அவர்.

சார் சிரிப்பை நிறுத்தினார். “வேகத்துல வந்து விழுந்து ஒரு பையனுக்குக் கண்ணு போச்சுன்னா? நாம தரையத்தான் காப்பாத்தறோம் ஏழுமல. அவனுங்களும் யாரோ பெத்த பசங்கதான். முள்ளு கூடாது.”

கூட்டத்தின் தொடக்கத்தில் பவித்ரா “கௌசியோட ஐடியா சார் இது” என்று சொல்லத்தான் செய்தாள். ஆனால் நடிப்பு முடிந்தபோது அது யாருக்கும் நினைவில்லை. மறுநாளே ஆட்கள் அதைப் ‘பவித்ரா மிலாறு’ என்று சொல்லத் தொடங்கினார்கள். “பவித்ரா மிலாறு ரெண்டு வண்டி வந்திருக்குது மேடம், எங்க எறக்கறது?” என்று என்னிடமே கேட்டார்கள். எங்கே இறக்குவது என்று சொன்னேன்.

விடுமுறையின் முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் பாலத்தில் நின்றோம். பைக்குகள் வந்தன, ஒரு சிவப்பு ஜீப்பும் வந்தது. எல்லாம் சாலையோரத்தில் நின்றன. ஹெல்மெட்டைக் கழற்றியவன் ஒருவன் ஓடையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான்.

“அக்கா! என்னாக்கா இது, குப்ப மேடு மாதிரி இருக்குது? நம்ம வெள்ள கிரவுண்டு எங்க?”

“சீசன் முடிஞ்சிடுச்சுப்பா” என்றாள் பவித்ரா.

“போட்டோ கூட எடுக்க முடியாதே. டேய், வண்டிய எடுங்கடா.”

போய்விட்டார்கள். அடுத்த வாரம் நான்கைந்து பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஒருவரும் இல்லை. இன்னொரு மழை பெய்தபோது நான் குடையோடு கரையில் நின்று பார்த்தேன். தண்ணீர் மிலாறுகளுக்கு நடுவே முனகிக்கொண்டு நேராக உப்பங்கழிக்குப் போனது. ஏழுமலையின் பாத்தியில் ஒரு சொட்டுச் செந்தண்ணீர் இறங்கவில்லை. அவர் அன்றைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, “பவித்ரா பொண்ணு கிட்ட சொல்லிடும்மா, நான் சந்தோஷமா இருக்கேன்னு” என்றார்.

கோடையின் முடிவில் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாவும் ஒரு சாரும் வந்தார்கள். யாரை வைத்துக்கொள்வது என்று அன்றே முடிவு செய்வதாக இருந்தது. சுகுமார் சார் தன் சட்டத்தை அவர்களுக்கும் சொன்னார். அவர்களுக்கு அது பிடித்துப்போனது. நான் பவித்ராவைப் பற்றியும், பவித்ரா என்னைப் பற்றியும் பேச வேண்டும்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்து நிற்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது: கொஞ்சம் குறைத்துச் சொன்னால் போதும். பொய் சொல்ல வேண்டியதில்லை. வரிசையில் ஒன்றிரண்டை விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் வரிசையில் ஒன்றை விட எனக்கு வராது. நல்ல குணத்தால் அல்ல. ஒரு பட்டியலில் இடம் காலியாக இருந்தால் எனக்கு அன்று சோறு இறங்காது. பைக்காரர்களோடு அவள் பேசிய முறை, அவர்கள் வாயிலிருந்து காரணத்தை வரவழைத்தது, ஆட்களை வேலை வாங்கியது, ஏழுமலையைச் சமாதானம் செய்தது, பாலத்தில் நின்று ஒரு கோபச் சொல் இல்லாமல் வண்டிகளைத் திருப்பி அனுப்பியது என்று ஒவ்வொன்றாக, ஏன் முக்கியம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவளை அவ்வளவு நாள் அவ்வளவு உன்னிப்பாகக் கவனித்தவர் வேறு யாரும் இல்லை. பொறாமைப்படுகிறவளுக்கு ஒன்றும் தப்பாது.

பிறகு பவித்ரா எழுந்தாள். “கௌசி இல்லன்னா இந்த ஆபீஸே இல்ல சார்” என்றாள். “எல்லாத்தையும் கரெக்டா வெப்பா. நாங்க சேர்ந்துதான் மிலாறு நட்டோம்.” வேறென்ன சொல்வதென்று யோசித்து, என்னைப் பார்த்துச் சிரித்து, உட்கார்ந்துவிட்டாள்.

‘நாங்க.’ அந்தச் சொல்லில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

தலைமை அலுவலக அம்மா என்னைப் பார்த்து, “நீங்க சொன்னதக் கேட்டப்புறம் இவங்கள எப்படிம்மா வெளிய அனுப்பறது?” என்றார்.

முடிவு அதுதான். சுகுமார் சார் படி வரைக்கும் என்னோடு வந்தார். “நல்லா சொன்னம்மா” என்றார். அன்று அவர் ‘அப்புறம்?’ என்று கேட்கவில்லை. பவித்ரா கீழே ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“கௌசி, நான் உன்னப் பத்தி ஒழுங்கா சொல்லலல்ல? எனக்கு அப்டி வரிசையா பேச வராதுடி. உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்” என்றேன். “சாயங்காலம் ஆளுங்களுக்குச் சம்பளம் போடணும், மறந்துடாத.”

பஸ் நிலையத்துக்கு நடந்தேன். திண்டிவனம் வண்டிக்கு நேரம் இருந்தது. டீக்கடையில் இருபது வயதுக்காரன் ஒருவன் சேறு ஒட்டாத பைக்கில் சாய்ந்தபடி இன்னொருவனிடம் புலம்பிக்கொண்டிருந்தான்.

“செம கிரவுண்டுடா. எந்த வீணாப்போனவனோ வந்து மிலாறு நட்டு அசிங்கம் பண்ணி வெச்சிட்டான். கையில கெடச்சான்னா இருக்குது.”

“நான்தான் அது” என்றேன்.

இருவரும் திரும்பினார்கள். என் துப்பட்டாவையும் கைப்பையையும் டிபன் பாக்ஸையும் பார்த்தார்கள்.

“நீங்களா? சும்மா சொல்லாதீங்கக்கா. அது பவித்ரா அக்கா பண்ணதுன்னு பஜ்ஜிக் கடையில சொன்னாங்க.”

“இல்லப்பா. நான் பண்ணது.”

“அப்டின்னா எதுக்கு லைனா நடல? கன்னாபின்னான்னு நட்டு வெச்சிருக்கீங்க. உள்ள பூந்து வரலாம்னு பாத்தா வண்டியே திரும்ப மாட்டேங்குது.”

“அதுக்குத்தான் லைனா நடல” என்றேன். பென்ச்சில் உட்கார்ந்து, டீ கிளாஸ்களை மிலாறாக வைத்து, எது எங்கே, எவ்வளவு ஆழம், சாலைப்பக்கம் ஏன் நெருக்கம், வளைவுப்பக்கம் ஏன் குறைவு என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவன் தலையைச் சொறிந்தபடி குனிந்து பார்த்தான்.

“அடப்பாவி, ப்ளான் போட்டு பண்ணிருக்கீங்களேக்கா” என்றான்.

திண்டிவனம் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. இன்னும் கறுப்புச் சேறு வரைக்கும் நான் வரவில்லை. அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனேன்.